ஷேர் ஆட்டோக்காரர் மனைவியும் கட்டணமில்லாப் பேருந்தும்

என் கணவர் வடசென்னையில் எர்ணாவூருக்கும் ராயபுரம் கல்மண்டபத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பிறந்தது வியாசர்பாடி. கல்யாணமாகி எர்ணாவூர் வந்த புதிதில், ஒரு நாள் காலை நாஸ்டாவுக்கு வீட்டுக்கு வந்தவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, மனதில் கிடந்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

“கல்மண்டபத்துக்கு இருபது ரூபா வாங்குறீங்களே, அத்த யாரு போட்டது?”

“எத்த?”

“அந்த ரேட்ட.”

கடலுக்கு யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார். “யாரும் போடல மே. எல்லாரும் இருபதுதான் வாங்குறாங்க. நானும் வாங்குறேன்.”

அதோடு அவர் அடுத்த இட்லிக்குப் போய்விட்டார். எனக்கோ அது பெரிய அதிசயமாக இருந்தது. ரேஷன் கடையில் விலைப்பலகை தொங்கும். பஸ்ஸில் கண்டக்டர் கையில் கட்டணம் அச்சாகி வரும். மீட்டர் ஆட்டோவுக்குக்கூட அரசாங்கம் ஒரு கட்டணம் வைத்திருந்தது. அதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் லைனில் ஓடிய நாற்பது சொச்சம் வண்டிகளில் ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொருவருடையது. நிறுத்தத்தில் ஒரே ஓர் ஆள் நின்றால் மூன்று வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து நிற்கும். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். அப்படி அடித்துக்கொள்கிறவர்கள் கட்டணத்தில் மட்டும் ஒரு ரூபாய் கூட்டிக் குறைத்து வாங்க மாட்டார்கள்.

அந்தக் கட்டணம் எப்படி ஏறும் என்பதையும் பிறகு பார்த்தேன். டீசல் விலை ஏறிய சமயம் அது. ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் நாலைந்து பேர் நின்றபடி டீ குடித்தார்கள். ஒருவர் “கட்டுப்படி ஆகல மாமு” என்றார். இன்னொருவர் “ஆமா” என்றார். அவ்வளவுதான் கூட்டம். மறுநாள் காலை முதல் நடையிலேயே வழியில் இருக்கும் தேரடிக்கு மட்டும் எட்டு ரூபாயாக இருந்தது பத்தாகிவிட்டது. ஏறியவர்கள் திட்டினார்கள். “இன்னாயா அநியாயமா கீது” என்றார்கள். திட்டியபடியே கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பத்து ரூபாய் பழைய விலையாகிவிட்டது.

ஒரே ஒரு முறை அந்தக் கட்டணம் கீழே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மணலிப் பக்கமிருந்து ஒருவர் புது வண்டி வாங்கிக்கொண்டு எங்கள் லைனுக்கு வந்தார். ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. “கல்மண்டபம் பதினஞ்சு, பதினஞ்சு” என்று கூவினார். மற்றவர்கள் ஒரு நாள் பொறுத்தார்கள், மறுநாள் அவர்களும் பதினைந்துக்கு இறங்கினார்கள். அவர் பத்து என்றார். எல்லோரும் பத்துக்கு வந்தார்கள். அந்தச் சண்டை நடந்தவரை ஊர் திருவிழாக் கோலத்தில் இருந்தது. வெளியே கிளம்ப யோசிக்கிறவர்கள்கூடக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்கள். என் அம்மா வியாசர்பாடியிலிருந்து அடிக்கடி வந்து போனாள். என் கணவர் மட்டும் ராத்திரி அன்றைய வசூலை இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பார். டீசலுக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் புது வண்டிக்காரரே டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ அவருக்கு ஒரு டீ சொன்னார்கள். மறுநாள் காலையில் மறுபடி இருபது. ஏறிய பெரியவர் ஒருவர் கேட்டார்: “நேத்து பத்து, இன்னைக்கு இருபதா?”

என் கணவர் சொன்னார்: “நேத்து சண்டை நைனா. இன்னைக்கு சமாதானம்.”

பெரியவர் நொந்துகொண்டே ஏறி உட்கார்ந்தார். டிரைவர் பக்கத்து சீட்டில் இருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. இவர்கள் அடித்துக்கொண்டால் ஊருக்கு நல்லது. சேர்ந்துகொண்டால் எங்கள் வீட்டுக்கு நல்லது.

நான் அந்த லைனில் காசு கொடுத்ததே இல்லை. ராயபுரத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். துறைமுகத்திலும் கப்பலிலும் வேலை செய்கிறவர்கள் போடுகிற, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாக வரும் உடுப்பு தைக்கிற கடை. காலையில் எந்த வண்டி வந்தாலும் ஏறுவேன். “நம்மாளு வூட்டம்மா” என்று யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று டிவியில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: ஒரே நாளில் இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் யாரோ ஒரு டிரைவரின் மனைவி ஆகிவிட்டார்கள்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அக்கா ராயபுரத்துக் கடற்கரைச் சந்தில் பிறந்தவள், மாதா கோயிலுக்கு எதிரே வளர்ந்தவள். அலை வீட்டைக் கொண்டுபோன பிறகு இங்கே வந்தாள். கணவர் இல்லை. காலேஜில் படிக்கும் ஒரு மகள். பக்கத்தில் இருந்த நர்சரிப் பள்ளியில் கூட்டித் துடைக்கிற வேலை. சம்பளம் குறைவுதான். வெளியே போனால் கூடக் கிடைக்கும், ஆனால் கூடக் கிடைப்பதை ஆட்டோ தின்றுவிடும் என்பாள். அதை என் கணவர் காதுபடவே சொல்லுவாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

“வா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றாள்.

“எங்கக்கா?”

“எங்கனா. ஃப்ரீதான.”

மெயின் ரோட்டுக்கு நடந்தோம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ஓரமாக, புழுதியில், ஒரு கிலோமீட்டருக்கு மேல். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அக்கா உள்ளங்கையில் ஒரு நோட்டை மடித்து வைத்திருந்தாள். ஒருவேளை டிவியில் சொன்னது நமக்கில்லையோ என்ற பயம். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டு இரண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“துட்டு?” என்றாள் அக்கா.

“வேணாம்மா.”

“அப்ப டிக்கெட்டு இன்னாத்துக்கு?”

“நீங்க போனீங்கன்னு கவர்மெண்டுக்குக் கணக்கு காட்டணும்ல.”

அக்கா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். “நான் எங்க போறேன்னு கவர்மெண்டுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பை எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. அவளைத் தேடி யாரோ விருந்தாளி வந்ததுபோல இருந்தது.

ராயபுரத்தில் இறங்கி, மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அவள் பிறந்த சந்துக்குள் போனோம். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

“ஐயோ, நீயாடி? யாரு செத்தா?”

“யாரும் சாவல. சும்மா வந்தேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அந்தப் பெண் நம்பவில்லை. எர்ணாவூர் போன பிறகு அக்கா இந்தச் சந்துக்கு வந்ததெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். போக வர ஆட்டோ காசு கொடுத்து யாராவது சும்மா வருவார்களா? இரண்டு பேரும் சந்திலேயே குந்தி ரொம்ப நேரம் பேசினார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஒரு கட்டணத்தை எடுத்துவிட்டால் ஒரு மனுஷிக்கு அவள் பிறந்த தெரு திரும்பக் கிடைக்கும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அரசாங்கம் ஒரு விலையைக் கட்டுப்படுத்துகிறது என்றால் ரூபாய் மிச்சமாகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அக்கா வேலையை மாற்றினாள். பாரிமுனையில் ஓர் ஆபீஸ் கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை, சம்பளம் இரண்டு மடங்கு. எங்கள் பிளாக்கில் இன்னும் பல பெண்கள் அப்படிக் கிளம்பினார்கள். காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் அதிகமானது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, சோற்று டப்பாவோடு, அவர்கள் ஒரு படையாக மெயின் ரோட்டை நோக்கி நடந்து போவதை நான் மாடியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். பிறகு நானும் அவர்களோடு சேர்ந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். தனியாக ஆட்டோவில் போக ஒரு மாதிரியாக இருந்தது.

பஸ்ஸில் எல்லாம் இனிமையாக இருந்ததில்லை. காசு கொடுத்து வந்த ஒருவர் ஒரு நாள், “ஓசில போறவங்க நின்னுகினு வரலாம்ல” என்று பொதுவாகச் சொன்னார். அக்கா எழுந்தாள்.

“உப்பு வாங்குனாலும் சோப்பு வாங்குனாலும் நானும் வரி கட்டிகினுதான் கீறேன். நீ குந்து நைனா, நான் நிக்கிறேன். ஆனா ஓசின்னு மட்டும் சொல்லாத.”

அவர் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. அந்த சீட் தேரடி வரை காலியாகவே வந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். எங்கள் வீட்டுக்குள் இன்னொரு பக்கம் இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் போய்விட்டார்கள். என் கணவர் காலி சீட்டுகளோடு போய் காலி சீட்டுகளோடு வந்தார். டீக்கடையில் மறுபடி டீ குடித்தார்கள். குறைந்த ஆட்களிடம் கூட வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்ல, கல்மண்டபம் இருபத்தைந்து ஆனது. என் கணவருக்கு அதில் இஷ்டமில்லை. ஏற்றிய மறுநாளே ஆண்களும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள். டீக்கடைச் சொல்லுக்கு இருந்த மந்திர சக்தி போய்விட்டது. அந்த வாரம் முடிவதற்குள் யாரும் சொல்லாமலே பழையபடி இருபதுக்கு இறங்கினார்கள். சிலர் வண்டியை விற்றுவிட்டு கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனார்கள். பத்து ரூபாய்ச் சண்டை போட்ட மணலிக்காரரும் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் கல்மண்டபம் நிறுத்தத்தில் அது நடந்தது. அக்காவும் நானும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு ஏகப்பட்ட பெண்கள். பஸ் வரவில்லை. கால் கடுத்தது. அப்போது என் கணவரின் வண்டி வந்து நின்றது. உள்ளே இரண்டே இரண்டு ஆண்கள்.

“தேரடி, எர்ணாவூர்! தேரடி, எர்ணாவூர்!”

யாரும் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏறு மே.”

நான் ஏறினால் எனக்குக் காசு இல்லை. அக்காவிடமும் வாங்க மாட்டார். ஆனால் எங்களோடு அவ்வளவு நேரம் நின்ற மற்றவர்கள்? என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

“பஸ் வந்துடும். நீங்க போங்க” என்றேன்.

பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, “இன்னா மாமு, வூட்ல கீறவங்களே ஏற மாட்றாங்க!” என்று சிரித்தார். என் கணவர் வண்டியை எடுத்தார்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கோபமாகத் தெரியவில்லை.

“அப்புறம் எம்மா நேரம் நின்னீங்க?”

“ஒரு மணி நேரம் ஆயிடுச்சு.”

“அப்பவும் யாரும் ஆட்டோ ஏறல?”

“ஏறல.”

“இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரமா?” அவர் குரலில் இருந்தது ஆச்சரியம். “அவங்க நேரத்துக்கு வெலையே இல்லியா?”

“உங்களுக்கு ஒரு இருபது. அவங்களுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு, தெனம். மாசக் கடைசில அது ஒரு மூட்ட அரிசி.”

கொஞ்ச நேரம் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். “சரி, பஸ்ஸ வுட்டு எறங்குன பின்னாடி?”

“நடைதான். மெயின் ரோட்டுலேர்ந்து பிளாக்கு வரைக்கும். இருட்டுல, லாரிங்க நடுவுல.”

மறுநாள் காலை அவர் வண்டியை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகவில்லை. குடியிருப்புக்குள்ளே, எங்கள் பிளாக் வாசலிலேயே நிறுத்தினார். “மெயின் ரோடு அஞ்சு ரூபா, பஸ் ஸ்டாப்பு அஞ்சு ரூபா!” மூன்று பேர் ஏறுகிற சின்ன ஆட்டோக்காரர்கள்கூடச் செய்யாத வேலை அது. பெண்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள். பஸ்ஸே சும்மா போகும்போது பஸ் நிறுத்தத்துக்குப் போக ஐந்து ரூபாயா என்று சிரித்தார்கள். ஸ்டாண்டில் அவரைக் கேலி செய்தார்கள். பிறகு ஒரு நாள் காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அரிசி மூட்டையோடு ஒருத்தி. ஒரு சாயங்காலம் நிறுத்தத்தில் இறங்கிய அக்கா, எதிரே நின்ற வண்டியைப் பார்த்து, “இந்தா நைனா அஞ்சு ரூபா. என் காலு சொன்ன பேச்சு கேக்கல” என்று ஏறி உட்கார்ந்தாள். அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். “வாங்கிக்க. இல்லாங்காட்டி நாளைக்கு ஏற மாட்டேன்” என்றாள். அவளைப் பார்த்து அன்று வண்டி நிறைந்தது.

எந்த பஸ் எப்போது வரும் என்று இப்போது அவருக்கு அத்துப்படி. பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். தாமதமானால் எங்களைவிட அவர்தான் தவிப்பார். அவரைப் பார்த்து இன்னும் சில வண்டிகள் உள்ளே வந்தன. ஒருவர் பாட்டு போட்டார். ஒருவர் சின்ன மின்விசிறி மாட்டினார். ஒருவர் குழந்தைக்குக் காசு வேண்டாம் என்றார். ஐந்து ரூபாய்க்கு மேல் போக மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் கால் இருந்தது.

அந்த வருஷ மழை பெரிய மழை. சாயங்காலம் நாலு மணிக்கே வானம் கறுத்தது. தையல் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். கல்மண்டபம் நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீரில் ஜனம் நின்றது. பாரிமுனையிலிருந்து வந்து அங்கே இறக்கிவிடப்பட்ட அக்காவும் இருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் செல்போனில் ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள். எர்ணாவூருக்கு இருநூற்றைம்பது என்று காட்டியது. அவள் தயங்கினாள். மறுபடி பார்த்தபோது முந்நூற்றைம்பது. கண்ணெதிரே அது நானூற்றுச் சொச்சமானது.

“யாருடி ஏத்துறது?” என்று கேட்டாள் அக்கா.

“யாரும் இல்ல ஆன்ட்டி. அதுவா ஏறுது.”

“அதுவா ஏறுதா! அது எங்க குந்திகினு கீது?”

அந்தப் பெண் செல்போனைத் திருப்பிக் காட்டினாள். டீக்கடையில் ஏற்றினால் ஏற்றியவர் முகமாவது தெரியும், திட்டலாம். கையிலிருந்த கண்ணாடிக்குள் யாரும் இல்லாமல் ஓர் எண் எங்கள் பயத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தது.

அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பஸ் வந்தது. கூரை ஒழுகியது. படியில் அலை அடித்தது. கண்டக்டர் தலையில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். “ஏறு, ஏறு, உள்ள போ!” அவ்வளவு மழையிலும் அவர் நனைந்த டிக்கெட்டைத்தான் எங்கள் கையில் கொடுத்தார். அதே பூஜ்ஜியம். வெளியே எல்லாம் ஏறிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் அந்த எண் மட்டும் அசையாமல் இருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் தேரடி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இன்ஜினுக்குள் தண்ணீர். விலை அசையவில்லை, பஸ்ஸும் அசையவில்லை. எல்லோரும் இறங்கித் தண்ணீரில் நின்றோம். சற்று நேரத்தில் எங்கள் லைன் வண்டி ஒன்று வந்தது. ஓட்டியவர் அன்றைக்குக் கல்மண்டபத்தில் சிரித்தவர்.

“எர்ணாவூர் நூறு ரூபா. இஷ்டம்னா ஏறுங்க.”

வழக்கமாகப் பத்து ரூபாய் தூரம். ஒரு பெண் கேட்டாள்: “பஸ்ல போனோம்னு பழி வாங்குறியா?”

“ஆமா. இத்தினி நாளா நாங்க கூவுனப்ப திரும்பிப் பாத்தீங்களா?”

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அந்த நேரம் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஒன்று என் கணவருடையது. மெயின் ரோட்டில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸைத் தேடிக்கொண்டு எதிர்த் திசையிலேயே வந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நூறு கேட்ட தன் தோஸ்திடம் போனார்.

“நூறெல்லாம் வேணாம் மாமு. நாளைக்குக் காலைல இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்.”

“தண்ணி பூந்து வண்டி படுத்துடுச்சின்னா இவங்களா குடுப்பாங்க?”

“குடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இருபது வாங்கு. நூறு வாங்காத.”

மழையில் நின்றபடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆள் தலையைத் துடைத்துக்கொண்டு, “குந்துங்கம்மா, இருபது” என்றார். பின்னால் வந்த வண்டிகளும் இருபது என்றன. பத்துக்குப் பதில் இருபது, யாரும் முணுமுணுக்கவில்லை. மடிமேல் மடியாக ஏறினோம். எட்டுப் பேர் வண்டியில் எத்தனை பேர் இருந்தோம் என்று தெரியாது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வண்டி, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது என்று ரோடு தெரியாத தண்ணீரில் அவை வரிசையாகப் போயின. செல்போன் பெண் என் மடியில் இருந்தாள். அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தச் சட்டமும் அந்த வண்டிகளை அங்கே அனுப்பவில்லை. வெறும் காசாசை என்றால் நூறு வாங்கியிருப்பார்கள். அப்படியானால் அந்த இருபது ரூபாய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு.

மறுநாள் என் கணவரின் வண்டி கிளம்பவில்லை. பழுது பார்க்க ஆன செலவில் அந்த மாத வருமானம் கரைந்துவிட்டது. தோஸ்து வந்து பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல” என்றார். சொன்னதோடு நிற்காமல் மெக்கானிக்கிடம் பேசிக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் பக்கம் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. என் கணவர் ரொம்ப நாள் அதில் ஏற மாட்டேன் என்று இருந்தார். போன மாதம் அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதால் விம்கோ நகரில் ஏறினோம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, “இந்தத் துட்டுக்கு நான் ஒரு குடும்பத்தையே இட்டுனு போவேன்” என்றார். ஆனால் வண்டி கிளம்பி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையும் காலுக்குக் கீழே விரிந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வருஷக்கணக்காக ஓட்டிய ரோட்டை அவர் மேலேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. குழந்தைபோலக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார்.

“மே, அங்க பாரு. டோல்கேட் ஸ்டாப்புல எம்மாங்கூட்டம். சுத்தி ஒரு வண்டி கூட இல்ல.”

“கல்யாணத்துக்குப் போறோம்” என்றேன்.

“தெரியும், தெரியும்” என்றார். ரயில் பூமிக்குள் இறங்கி வெளியே இருட்டாகும் வரை அவர் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.